மீன் தொட்டி உள்ள வீட்டில் பூச்சி மருந்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கரப்பான், எறும்பு, கொசு, மூட்டைப்பூச்சி ஆகியவற்றை ஒழிக்கப் போய் வளர்ப்பு மீன்களை இழந்தவர்களும், இழந்துவிடுவோமோ என்று தயங்குகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை இணைத்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: கூடத்தில் கரப்பான் தொல்லைக்காக ஸ்பிரே அடித்தோம். மீன் தொட்டி அதே அறையில்தான் இருக்கிறது; ஆனால் அதன் கண்ணாடி மூடி போட்டுத்தான் இருந்தது. மறுநாள் காலையில் செர்ரி இறால்கள் ஒன்றுவிடாமல் இறந்து கிடந்தன. இரண்டு டெட்ராக்கள் நிலை தடுமாறிச் சுழன்று சுழன்று நீந்தின. நத்தைகளுக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. ஸ்பிரேதான் காரணமா? மூடிய தொட்டிக்குள் அது எப்படிப் போயிருக்கும்?

பதில்: நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகளைப் பார்த்தால் ஸ்பிரேயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இறால் கணுக்காலி இனம். பூச்சிக்கு நெருங்கிய உறவு. பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலை அதைவிட எளிதாகக் கொன்றுவிடும். மீன் அதற்கு அடுத்த நிலையில் பாதிக்கப்படும். நத்தை மெல்லுடலி என்பதால் இவ்வகை மருந்துகளைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இறால் முழுவதும் சாக, மீன் தள்ளாட, நத்தை எப்போதும்போல் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தால் அது பூச்சி மருந்தின் அடையாளம். இறாலோடு நத்தையும் செத்திருந்தால் செம்பு கலந்த மீன் மருந்தையோ, நீரில் வேறு வழியாகக் கலந்த செம்பையோ சந்தேகித்திருப்பேன். ஆனாலும் அம்மோனியாவை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுங்கள். அது இருந்தாலும் மீன்கள் தள்ளாடும்.

மூடியைத் தாண்டி மருந்து நுழைந்த வழி, பெரும்பாலும் உங்கள் ஏர் பம்பாகத்தான் இருக்கும். அறையின் காற்றை இழுத்து, நுண்ணிய குமிழிகளாக உடைத்து, நீருக்குள் இடைவிடாமல் செலுத்துவதுதான் அதன் வேலை. அறையில் மிதக்கும் மருந்துத் துகளையும் ஆவியையும் அது அப்படியே நீரில் கரைக்கிறது. மூடி மேலிருந்து விழும் துளியைத் தடுக்குமே தவிர, குழாய் வழியாக வருவதைத் தடுக்காது. மூடியில் வயர்களுக்காக விட்ட இடைவெளியும், மருந்து பட்டு மயங்கிய நிலையில் அந்த இடைவெளி வழியாக உள்ளே விழும் கரப்பானும் அடுத்த வழிகள். விழுந்த பூச்சியை மீன் விடாது, தின்றுவிடும்.

அளவைப் பார்த்தால்தான் இதன் தீவிரம் புரியும். வீட்டு ஸ்பிரேக்களில் பெரும்பாலானவற்றில் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் போன்ற பைரெத்ராய்டு மருந்துகளே இருக்கின்றன. இவற்றில் பல, ஒரு லிட்டர் நீரில் 10 மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே பல மீன் இனங்களைக் கொல்லக்கூடியவை. சில, 1 மைக்ரோகிராம் அளவிலேயே கொல்லும். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 0.1 விழுக்காடு மருந்து கலந்த ஸ்பிரேயில் இரண்டு துளி, அதாவது ஏறத்தாழ 0.1 கிராம், 100 லிட்டர் தொட்டியில் விழுந்தால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற கணக்கு வந்துவிடும். கூடம் முழுக்க நீங்கள் அடித்ததில் இரண்டு துளி என்பது கணக்கிலேயே வராத அளவு.

இதே மருந்து மனிதருக்கு ஏன் அந்த அளவுக்குத் தீங்கு செய்வதில்லை என்று மற்றொரு வாசகரும் கேட்டிருக்கிறார். பைரெத்ராய்டுகள் நரம்புச் செல்லின் சோடியம் வாயில்களை மூட விடாமல் திறந்தே வைத்து, நரம்பைத் தொடர்ந்து துடிக்கச் செய்கின்றன. பாலூட்டிகளின் உடலிலும் பறவைகளின் உடலிலும் உள்ள நொதிகள் இவற்றை விரைவில் உடைத்துவிடுகின்றன. மீனின் உடலில் அந்த வேலை மிக மெதுவாகவே நடக்கிறது. அதோடு, கொழுப்பில் கரையும் இந்தப் பொருள்களைச் செவுள் நீரிலிருந்து நேராக இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. உள்ளே வருவது வேகமாகவும் வெளியேறுவது மெதுவாகவும் இருப்பதால்தான் இவ்வளவு சிறிய அளவே போதுமானதாகிறது. 'மனிதருக்கும் செல்லப் பிராணிகளுக்கும் பாதுகாப்பானது' என்று டப்பாவில் அச்சிட்டிருந்தால், அந்தச் செல்லப் பிராணி நாயோ பூனையோதான்; மீன் அதில் அடக்கமில்லை. பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் 'மீன்களுக்கு நச்சு' என்று எழுதியிருப்பதை மக்கள் பெரும்பாலும் பிறகுதான் படிக்கிறார்கள்.

கேள்வி: அப்படி மருந்து உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால் உடனே செய்ய வேண்டியது என்ன? மீன்களைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் முதல் சில மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். முதலில் சன்னல்களைத் திறந்துவிட்டு, ஏர் பம்பை மருந்து படாத வேறு அறைக்கு மாற்றி, நீண்ட குழாய் வழியாகக் காற்றைக் கொண்டு வாருங்கள். இந்த நிலையில் காற்றை நிறுத்துவதும் கேடு, அதே அறைக் காற்றை ஊட்டுவதும் கேடு. மருந்து படாத வேறு தொட்டி வீட்டில் இருந்தால், யோசித்துக்கொண்டிராமல் மீன்களை அதற்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால், தொட்டி நீரில் பாதியை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையுள்ள நீரை ஊற்றி, சில மணி நேரம் கழித்து இன்னொரு முறையும் அவ்வாறே செய்யுங்கள்.

நீரை எடுப்பதற்கு முன் மேற்பரப்பைப் பக்கவாட்டில் இருந்து, விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள். வானவில் நிறம் காட்டும் மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிந்தால், சமையலறைத் துடைப்புத் தாள் ஒன்றை நீர்மேல் தட்டையாகப் படுக்கவைத்து, நனைந்ததும் ஒரு முனையைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். படலம் தாளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். புதுத் தாள் வைத்து, பளபளப்பு மறையும்வரை இதைத் திரும்பச் செய்யலாம். அடுத்து, ஃபில்டரில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். இவ்வகை மருந்துகளை அது நன்றாகவே ஈர்த்துப் பிடிக்கும். மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும் பழைய கார்பன் இதற்கு உதவாது.

பதற்றத்தில் பலர் ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் அலசிவிடுகிறார்கள். அது தவறு. பஞ்சில் வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாவைப் பைரெத்ராய்டு பெரிதாகப் பாதிப்பதில்லை. குழாய் நீரின் குளோரின்தான் அதைக் கொல்லும். இறந்த இறால்களின் உடல் அழுகி அம்மோனியா ஏறும் நேரத்தில் அந்த பாக்டீரியாவும் இல்லாமல் போனால், பிழைத்த மீன்களும் தப்புவது கடினம். உப்போ வேறு மருந்தோ போட வேண்டாம். ஓரிரு நாள் இரை போடாமல் இருப்பதே நல்லது. சரளையிலும் பஞ்சிலும் மருந்து ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடும் என்பதால், இறால்களைத் திரும்ப விடுவதற்குச் சில வாரங்கள் பொறுத்திருந்து, கார்பனை மாற்றிய பிறகு முதலில் ஒன்றிரண்டை மட்டும் விட்டுப் பாருங்கள்.

கேள்வி: படுக்கையறையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஃபைட்டர் மீன் வளர்க்கிறேன். அதற்கு ஏர் பம்பு கிடையாது. இரவில் கொசுவர்த்திச் சுருளோ, மின் இணைப்பில் பொருத்தும் திரவ விரட்டியோ போடலாமா?

பதில்: பம்பு இல்லாததால் ஆபத்து குறைவு என்று நினைத்துவிடாதீர்கள், ஃபைட்டர் மீனின் விஷயத்தில் நிலைமை வேறு. அதற்குச் செவுளோடு, தலைக்குள் லேபிரிந்த் என்னும் மடிப்புகள் நிறைந்த சுவாச உறுப்பும் உண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மேலே வந்து வாயால் ஒரு மிடறு காற்றை விழுங்கிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அறையில் என்ன மிதக்கிறதோ அதை அது நேராகவே உள்ளே எடுத்துக்கொள்கிறது. திரவ விரட்டிகளில் டிரான்ஸ்ஃப்ளூத்ரின், பிராலெத்ரின் போன்றவை இருக்கும். அவையும் மேலே சொன்ன பைரெத்ராய்டு குடும்பமே. சூடேறிய திரி வழியாக அவை இரவு முழுவதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மூடிய அறையில், நீர் குறைவாக உள்ள கிண்ணத்தில், அது சிறிது சிறிதாகச் சேரும்.

இப்படிப் போட்டும் மாதக்கணக்கில் மீன் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அறையின் அளவும் காற்றோட்டமும் அதைத் தீர்மானிக்கின்றன. என்னைக் கேட்டால், அந்தச் சோதனையை நடத்திப் பார்க்கத் தேவையில்லை. மீன் இருக்கும் அறையில் கொசு வலையும் மின்விசிறியும் போதும். கொசு பறப்பதில் வலுவானது அல்ல, விசிறிக் காற்றை எதிர்த்து வந்து உட்கார அதனால் முடிவதில்லை. விரட்டி கட்டாயம் வேண்டும் என்றால் மீனை வேறு அறைக்கு மாற்றுங்கள். கிண்ணத்தைத் தூக்குவது எளிது. அதோடு, ஃபைட்டர் மீனுக்கு அந்தக் கிண்ணமே போதாது என்பதையும் கேட்காமலே சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: இரசாயன மருந்துகளை விட்டுவிட்டு, செவ்வந்திப் பூச்சாறு, வேப்பெண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய் போன்ற இயற்கைப் பொருள்களுக்கு மாறினால் மீன்களுக்குப் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. பைரெத்ராய்டுகளின் மூலமே செவ்வந்தி இனத்துப் பூவிலிருந்து கிடைக்கும் பைரெத்ரின்தான். அந்த மூலக்கூறைப் பார்த்துத்தான் 1949-இல் அலெத்ரின் என்ற முதல் செயற்கை வடிவம் உருவாக்கப்பட்டது. 1973-இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் வெயிலில் எளிதில் சிதையாத பெர்மெத்ரினை உருவாக்கினார்கள். பூவிலிருந்து நேராக எடுத்தது வெளிச்சத்தில் விரைவில் சிதையும் என்பது உண்மை. ஆனால் சிதைவதற்கு முன் தொட்டியில் விழுந்தால் அதுவும் மீனைக் கொல்லும். அதன் வீரியத்தைக் கூட்ட, பூச்சியின் நச்சு நீக்கும் நொதிகளைத் தடுக்கும் பைபெரோனில் பியூட்டாக்சைடு என்ற துணைப்பொருளையும் பல தயாரிப்புகளில் சேர்க்கிறார்கள். இயற்கை என்ற சொல்லை நம்பி ஏமாற இன்னொரு சான்றும் வேண்டுமானால், டெர்ரிஸ் போன்ற சில கொடிகளின் வேரிலிருந்து கிடைக்கும் ரோட்டினோனைச் சொல்லலாம். பல நாட்டுப் பழங்குடியினர் ஆற்றில் மீன் பிடிக்கவே அந்த வேரை நசுக்கிக் கலந்தார்கள்.

வேப்பெண்ணெயும் வாசனை எண்ணெய்களும் அந்த அளவுக்குக் கடுமையானவை அல்ல. ஆனால் நீர்மேல் படலமாகப் பரவிக் காற்றுப் பரிமாற்றத்தைக் குறைக்கும். இறாலுக்கு வேப்பெண்ணெய் நல்லதல்ல. தொட்டிக்கு அருகே தெளிக்க வேண்டாம்.

கேள்வி: தொட்டி வைத்திருக்கும் ஸ்டாண்டின் கால் வழியாக எறும்பு வரிசை ஏறி மீன் தீவனத்துக்குப் போகிறது. ஸ்டாண்டின் அறைக்குள் கரப்பானும் குடியிருக்கிறது. பூச்சிச் சாக்பீஸால் சுற்றிலும் கோடு போடலாமா?

பதில்: கோடு போட வேண்டாம். அந்தச் சாக்பீஸிலும் பெரும்பாலும் டெல்டாமெத்ரினோ சைபர்மெத்ரினோதான் இருக்கிறது. பெருக்கும்போதும் விசிறி சுழலும்போதும் அந்தத் தூள் எழும், கையிலும் ஒட்டும்.

மீன் வளர்க்கும் வீட்டில் பூச்சி ஒழிப்பைப் பற்றிய என் கருத்து எளியது: மிதக்கும் மருந்தைத் தவிர்த்து, வைத்த இடத்திலேயே இருக்கும் மருந்தைத் தேர்ந்தெடுங்கள். கரப்பானுக்கு ஜெல் இரை அப்படிப்பட்டது. அதில் ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட், இண்டாக்சாகார்ப் போன்ற மருந்துகள் இருக்கின்றன. இவற்றில் ஃபிப்ரோனில் நீரில் கலந்தால் மீனுக்கும் இறாலுக்கும் நச்சுத்தான். ஆனால் ஜெல் ஆவியாகிப் பரவுவதில்லை. பருப்பு அளவுப் பொட்டுகளாகப் பல இடங்களில், ஸ்டாண்டுக் கதவின் கீல் மூலையிலும், சுவரை ஒட்டிய அடிப்பலகையிலும் வையுங்கள். ஓரிடத்தில் நிறைய வைப்பதைவிட இதுவே பலன் தரும். தொட்டியின் விளிம்பிலோ, குழாய் போகும் வழியிலோ வைக்கக் கூடாது. ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் கரப்பான் அந்தப் பக்கமே வராது, இரை வீணாகும். இரையைத் தின்ற கரப்பானின் கழிவையும் உடலையும் மற்றவை தின்பதால் மருந்து கூட்டுக்குள்ளும் பரவுகிறது. சில நாள் பொறுமை வேண்டும் என்பதுதான் இதன் குறை.

எறும்புக்குப் போரிக் அமிலமும் சர்க்கரை நீரும் போதும். 100 மில்லி சர்க்கரை நீரில் 1 கிராம், அதற்கு மேல் வேண்டாம். அளவு கூடினால் வேலைக்கார எறும்பு வழியிலேயே செத்துவிடும். புற்றுக்குள் ராணி வரை இரை போய்ச் சேராது. மூடியில் சிறு துளையிட்ட சிறிய குப்பியில் பஞ்சை நனைத்துப் போட்டு, குழந்தைகளின் கைக்கு எட்டாமல், எறும்புப் பாதையில் வையுங்கள். எறும்பு வரும் வயரிலும் காற்றுக் குழாயிலும் ஒரு விரல் அகலத்துக்கு வாசலின் தடவினால் அவற்றின் வழி அடைபடும். தீவனத்தை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வைப்பதும், மூடியின் மேல் சிந்திய தூளை அன்றன்றே துடைப்பதும் இவை எல்லாவற்றையும்விட முக்கியம். கரப்பான் அங்கே குடியேறியதற்கு அந்தத் தூளும், ஸ்டாண்டுக்குள் இருக்கும் ஈரமும், பம்பின் இளஞ்சூடும்தான் காரணம்.

ஸ்டாண்டுக்குள் அந்துருண்டை போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். நாப்தலின் திட நிலையிலிருந்து நேராக ஆவியாகும் பொருள். ஏர் பம்பும் அதே அறைக்குள்தான் இருக்கிறது.

கேள்வி: வீடு முழுவதும் பூச்சி மருந்து அடிக்க ஆட்கள் வரப்போகிறார்கள். நான்கு அடித் தொட்டியை நகர்த்த முடியாது. எப்படித் தயாராவது?

பதில்: அவர்கள் வருவதற்கு முன்பே மீன் தொட்டி இருப்பதைச் சொல்லி, என்ன மருந்து, எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொட்டி உள்ள அறையில் மட்டும் ஜெல் வைக்கச் சொல்லலாம், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கறையானுக்குத் தரையில் துளையிட்டு மருந்து செலுத்தும் முறையில் காற்றில் கலப்பது குறைவு. ஆனால் வீட்டையே மூடி நச்சு வாயு நிரப்பும் முறை என்றால் பேச்சுக்கே இடமில்லை, எந்த உயிரும் உள்ளே இருக்கக் கூடாது. மூட்டைப்பூச்சிக்காக அறையை 50 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும் முறையிலும் அப்படித்தான், மீன் தப்பாது. மூட்டைப்பூச்சிக்கு நீராவிக் கருவியால் மெத்தைத் தையல்களையும் கட்டில் இடுக்குகளையும் சூடேற்றுவதும், துணிகளை உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டுவதும் மீனுக்குத் தீங்கில்லாத வழிகள்.

ஸ்பிரேதான் என்று முடிவானால், தொட்டியைத் துணியால் மூடாதீர்கள்; துணி ஈரத்தையும் ஆவியையும் கடத்தும். ஓட்டையில்லாத பிளாஸ்டிக் விரிப்பை நான்கு பக்கமும் ஸ்டாண்டு வரை தொங்கவிட்டு, வயர் வெளியே வரும் இடம் உட்பட எல்லா ஓரங்களையும் டேப்பால் ஒட்டுங்கள். வலை, வாளி, சிஃபான் குழாய், தீவன டப்பா ஆகியவற்றையும் உள்ளேயோ வேறு அறையிலோ வையுங்கள். தொட்டியைக் காத்துவிட்டு, மருந்து படிந்த வலையை மறுநாள் நீரில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி காற்று. பம்பை நிறுத்துவதுதான் பொதுவான அறிவுரை. ஆனால் ஸ்பாஞ்சு ஃபில்டர் அந்தக் காற்றில்தான் இயங்குகிறது என்பதால், நீண்ட நேரம் நிறுத்தினால் அதன் பாக்டீரியா மூச்சுத் திணறும். பம்பை மருந்து அடிக்காத, கதவு மூடிய அறைக்கு மாற்றி நீண்ட குழாய் போடுவதே சிறந்தது. அது முடியாமல் நிறுத்துவதானால், குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நின்ற குழாய் வழியாக நீர் பின்னோக்கி வந்து பம்பையும் தரையையும் நனைக்கும். நீரை மட்டும் சுழற்றும் உள் ஃபில்டரும் கேனிஸ்டர் ஃபில்டரும் ஓடலாம். அவற்றில் காற்றை உறிஞ்சும் சிறு குழாய் இருந்தால் அதை மட்டும் அடைத்துவிடுங்கள். செடிகள் இருட்டில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதால், வேலையைப் பகலிலேயே வைத்துக்கொண்டு தொட்டி விளக்கை எரியவிடுங்கள். முந்தின நாளே இரையை நிறுத்தினால் மீன்களின் ஆக்சிஜன் தேவையும் கழிவும் குறையும். மீன்கள் அளவாக உள்ள தொட்டி சில மணி நேரம் மூடியிருந்தால் தாங்கும். நெருக்கமாக மீன்கள் உள்ள தொட்டியில் பாதியையாவது வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

மருந்து முற்றிலும் உலர்ந்து, சன்னல்களைத் திறந்து பல மணி நேரம் காற்றோட்டம் விட்ட பிறகே விரிப்பைப் பிரிக்க வேண்டும். முதலில் அதன் வெளிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்து, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி மடித்துக்கொண்டே எடுத்து எறிந்துவிடுங்கள். இழுத்து உதறினால் மேலே படிந்த அத்தனையும் நீரில்தான் விழும். பம்பை அதே அறைக்கு ஒரு நாள் கழித்துக் கொண்டுவந்தால் போதும்.

கேள்வி: நாய்க்கு உண்ணி மருந்தை முதுகில் விட்ட அன்று தொட்டியில் கை விடலாமா?

பதில்: கூடாது. அவற்றில் பெரும்பாலும் ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட், பெர்மெத்ரின் போன்ற மருந்துகளில் ஏதாவது ஒன்று இருக்கும். சிலவற்றில் பூச்சிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும், அது இறாலின் தோலுரிப்பையும் கெடுக்கும். நாயைத் தடவிய கையை முழங்கை வரை சோப்பால் கழுவி, சோப்புப் போக நன்றாக அலசிய பிறகும், ஓரிரு நாள் நீண்ட கையுறை போட்டுக்கொள்வது நல்லது. உடலில் பூசும் கொசு விரட்டிக் களிம்புக்கும் இதே விதிதான். நாய் தொட்டி நீரைக் குடிக்கும் பழக்கம் உள்ளது என்றால் மூடி போடுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து அதற்கும் ஆபத்து என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: தொட்டி நீரின்மேல் வெண்மையான மிகச் சிறிய பூச்சிகள் துள்ளுகின்றன. என்ன மருந்து போடுவது?

பதில்: எதுவும் வேண்டாம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், இறக்கையின்றி, தொட்டால் துள்ளுவது ஸ்பிரிங்டெயில் என்னும் உயிர். பூஞ்சையையும் மட்கிய இலையையும் தின்று வாழ்வது. மீனைக் கடிக்காது, மீனே அதைத் தின்னும். மூடியின் உள்பக்கத்தைத் துடைத்து, அழுகிய இலைகளை எடுத்துவிட்டால் தானே குறைந்துவிடும்.

கேள்வி: தோட்டத்தில் அல்லியோடு சிறு மீன்கள் விட்ட தொட்டி வைத்திருக்கிறோம். அதில் கொசுப் புழு தெரிகிறது. மண்ணெண்ணெய் விடச் சொல்கிறார்கள்.

பதில்: மண்ணெண்ணெய் வேண்டாம், படலத்தில் புழு மூச்சுத் திணறுவதைப்போல மீனும் திணறும். மீன்கள் இருந்தும் புழு மிஞ்சுகிறது என்றால், மீன் நுழைய முடியாதபடி இலைகள் அடர்ந்திருக்கின்றன என்று பொருள். பாதியைக் கழித்து நீர்ப்பரப்பைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் மீன்களே முடித்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தைப் பயன்படுத்துங்கள். 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனப் பகுதியில் கண்டறியப்பட்ட பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்பதன் சுருக்கம் அது. அதன் நச்சுப் படிகம், கொசுப் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில்தான் கரைந்து செயல்படும் என்பதால், பொட்டலத்தில் குறித்த அளவில் மீனுக்கும் அல்லிக்கும் தீங்கில்லை. புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும். கூட்டுப்புழுவாக மாறியவை எதையும் தின்பதில்லை என்பதால் அவை தப்பிவிடும். ஆகவே புழு சிறிதாக இருக்கும்போதே போட்டு, பொட்டலத்தில் சொல்லியுள்ள இடைவெளியில் மீண்டும் போட வேண்டும்.

வீட்டைச் சுற்றியுள்ள பூச்சட்டித் தட்டுகளையும் பழைய வாளிகளையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். வெப்பமான பருவத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். உங்களைக் கடிக்கும் கொசு, மீன் நீந்தும் அல்லித் தொட்டியைவிட அந்தத் தட்டில் பிறந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.